பிறந்த மண்ணை மறவாத டிக் டைகர்

குத்துச்சண்டை என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வரும் பெயர் முகமது அலி. 1980-ஆம் ஆண்டு அவர் சென்னைக்கு வந்து காட்சிச் சண்டையில் கலந்துகொண்டதை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்பவர்கள் உண்டு. ஆனால் அலி புகழ் பெற்று வந்த அதே ஆண்டுகளில், அமெரிக்க மேடைகளில் இன்னொருவரும் உலகப் பட்டம் வென்றார். ஒருமுறையல்ல, மூன்று முறை. ஆப்பிரிக்காவிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர். பெயர் டிக் டைகர். இவரைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்பட்டதில்லை.

இவர் வாழ்க்கையை நமது வாசகர்களுக்குச் சொல்ல விரும்புவதற்குக் காரணம் அவர் வாங்கிய பட்டங்கள் மட்டுமல்ல. பிறந்த ஊரை விட்டு வெளியூரில் பிழைப்பவர்கள் நாம். ஊரில் ஒரு வெள்ளம், ஒரு பஞ்சம், ஒரு கலவரம் என்று செய்தி வந்தால் இங்கே நமக்குச் சோறு இறங்குவதில்லை. இங்கிருந்து நாம் என்ன செய்ய முடியும், எவ்வளவு செய்ய வேண்டும் என்ற கேள்வி நம் எல்லோருக்கும் உண்டு. இந்தக் கேள்வி டிக் டைகருக்கு மிகக் கடுமையான வடிவத்தில் வந்தது. அவர் அதற்குச் சொன்ன பதில் அவருடைய சேமிப்பையும் சொத்தையும் விழுங்கிவிட்டது. அவருடைய பெயரை மட்டும் அதனால் விழுங்க முடியவில்லை.

அபா சந்தையில்

டிக் டைகரின் இயற்பெயர் ரிச்சர்ட் இஹேட்டு. 1929 ஆகஸ்ட் 14-ஆம் நாள், நைஜீரியாவின் தென்கிழக்கில் உள்ள அமாய்க்போ என்ற ஊரில் பிறந்தார். இக்போ என்ற இனத்தைச் சேர்ந்தவர். இக்போ மக்களைப் பற்றி நம்மில் சிலர் ஓரளவு அறிந்திருக்கலாம். சினுவா அச்செபே எழுதி, தமிழில் 'சிதைவுகள்' என்ற பெயரில் வெளிவந்த நாவல் அவர்களுடைய கிராம வாழ்க்கையைப் பற்றியதுதான்.

இக்போக்கள் உழைப்பாளிகள், படிப்பிலும் வியாபாரத்திலும் நாட்டம் உள்ளவர்கள். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே மூட்டை முடிச்சோடு புறப்பட்டுவிடுவார்கள். நைஜீரியாவின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களில் ரயில்வே குமாஸ்தாவாகவும், தபால் ஊழியராகவும், கடைக்காரராகவும் இருந்தவர்களில் கணிசமானோர் இக்போக்கள். போன இடங்களிலெல்லாம் தங்களுக்குள் சங்கம் அமைத்துக்கொண்டு, ஊருக்குப் பணம் திரட்டிப் பள்ளிக்கூடம் கட்டுவதும் பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் அவர்களுடைய வழக்கம். இதைப் படிக்கும்போது நமக்கு யாருடைய நினைவு வருகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இளைஞர் ரிச்சர்ட், அபா என்ற சந்தை நகரத்தில் சிறு வியாபாரம் செய்து வந்தார். அப்போது நைஜீரியா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. வெள்ளைக்கார ராணுவத்தினரும் அதிகாரிகளும் நடத்திய மன்றங்களில் குத்துச்சண்டை பழக்கினார்கள். ரிச்சர்டும் அங்கே கையுறை மாட்டிக்கொண்டார். உயரம் அதிகமில்லை, ஐந்தடி எட்டு அங்குலம்தான். ஆனால் அகன்ற தோள், உருண்டு திரண்ட உடம்பு. பின்வாங்காமல் முன்னேறிப் போய், எதிரியின் விலாவிலும் வயிற்றிலும் குத்தி, அவர் தளரும் நேரம் பார்த்து இடது கையால் வளைத்து அடிப்பது அவருடைய பாணி. இந்தப் பாய்ச்சல்தான் 'டைகர்' என்ற பெயரை வாங்கித் தந்தது என்பார்கள். 1952-ல் பணத்துக்காக ஆடும் தொழில்முறை வீரரானார்.

இங்கிலாந்தில் நான்கு தோல்விகள்

நைஜீரியாவில் குத்துச்சண்டை ஆடி வயிறு வளர்ப்பது அந்நாளில் எளிதல்ல. பரிசுத் தொகை சொற்பம். சம்பாதிக்க வேண்டுமானால் இங்கிலாந்து போக வேண்டும். லாகோசிலிருந்து லிவர்பூலுக்கு அன்று ஒழுங்கான கப்பல் போக்குவரத்து இருந்தது. அந்த வழியில் போன மேற்கு ஆப்பிரிக்கர் பலர் லிவர்பூலிலேயே தங்கிவிட்டனர். அவர்களில் ஒருவர் ஹோகன் பாஸி. 1957-ல் பாரிஸ் நகரில் ஃபெதர்வெயிட் எடைப் பிரிவில் உலகப் பட்டம் வென்று, அந்தப் பெருமையைப் பெற்ற முதல் நைஜீரியரானவர். அவர் சென்ற தடத்தைப் பின்பற்றி 1955-ல் டைகரும் லிவர்பூல் போய்ச் சேர்ந்தார்.

குளிரும் மழையும் கலந்த ஊர். தெரிந்த முகம் குறைவு. பகலில் தொழிற்சாலை வேலை, மாலையில் பயிற்சி. மேடையிலோ அடுத்தடுத்துத் தோல்வி. இங்கிலாந்தில் அவர் ஆடிய முதல் நான்கு சண்டைகளிலும் புள்ளிக் கணக்கில் தோற்றார்.

இந்தத் தோல்விகளை அவருடைய திறமைக் குறைவாக மட்டும் பார்த்தால் தொழிலின் சூட்சுமம் புரியாது. குத்துச்சண்டை நடத்துபவர்கள் உள்ளூரில் வளர்ந்து வரும் இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். அவருக்கு வரிசையாக வெற்றிகள் வேண்டும். அதற்குத் தோற்கக்கூடிய எதிராளிகள் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து, குறைந்த கூலிக்கு, குறுகிய அவகாசத்தில் ஆடத் தயாராக இருப்பவர்தான் அதற்குப் பொருத்தம். வந்தேறி வீரர்கள் பலருடைய வாழ்க்கை இப்படி மற்றவர்களுக்குப் படிக்கல்லாக இருந்தே முடிந்துபோயிருக்கிறது.

டைகர் படிக்கல்லாக இருக்க மறுத்தார். 1957 மே மாதம் லண்டனில் ஷோர்டிட்ச் அரங்கில் டெர்ரி டவுன்ஸ் என்ற இளைஞருக்கு எதிராக அவரை நிறுத்தினார்கள். டவுன்ஸ் அப்போதுதான் தொழிலுக்கு வந்தவர். லண்டன் ரசிகர்களின் செல்லப்பிள்ளை. அவருக்கு இன்னொரு எளிய வெற்றி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டைகர் அவரைக் கீழே தள்ளி, முகத்தைக் கிழித்து, சண்டையைப் பாதியிலேயே முடித்துவிட்டார். அடுத்து யாரோடு மோத ஆசை என்று பத்திரிகைக்காரர்கள் டவுன்ஸைக் கேட்டபோது, இந்தச் சண்டையை ஏற்பாடு செய்தவனோடு என்று அவர் சொன்ன பதில் குத்துச்சண்டை உலகில் இன்றும் சொல்லிச் சிரிக்கப்படுகிறது. அதே டவுன்ஸ் 1961-ல் உலகப் பட்டம் வென்றவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் டைகரின் தரம் விளங்கும்.

இருந்தும் பிரிட்டனின் தேசியப் பட்டத்துக்கு அவர் ஆட வழியில்லை. 1948 வரை அந்தப் பட்டத்துக்கு வெள்ளையர் மட்டுமே ஆடலாம் என்றே விதி இருந்தது. அது நீங்கிய பிறகும் குடியேறியவர்களுக்குக் கதவு எளிதில் திறக்கவில்லை. வெளிநாட்டில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய கறுப்பின வீரர் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது 1970-ல்தான். அவர் ஜமைக்காவில் பிறந்த பன்னி ஸ்டெர்லிங். டைகருக்குத் திறந்திருந்த வழி பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பட்டம் ஒன்றுதான். 1958 மார்ச் 27 அன்று லிவர்பூலில், பாட் மக்கட்டீர் என்பவரை ஒன்பதாவது சுற்றில் நாக் அவுட் செய்து அதைக் கைப்பற்றினார். 

நியூயார்க் நகரில்

1959-ல் டைகர் அமெரிக்கா சென்றார். உலகப் பட்டமும் பெரிய பணமும் அங்கேதான் இருந்தன. வெள்ளிக்கிழமை இரவுகளில் குத்துச்சண்டையைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டிய காலம் அது. நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் இந்த விளையாட்டுக்குக் கோயில் போல.

அந்த மேடையின் வரலாறே குடியேறியவர்களின் வரலாறுதான். முதலில் அயர்லாந்துக்காரர்கள், பிறகு யூதர்கள், இத்தாலியர்கள், பிறகு தெற்கிலிருந்து வந்த கறுப்பர்கள், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்தவர்கள். எந்தக் கூட்டம் நகரத்தின் அடித்தட்டில் இருக்கிறதோ, அந்தக் கூட்டத்திலிருந்து அப்போதைய குத்துச்சண்டை வீரர்கள் வந்தார்கள். டைகர் பின்னால் மோதிய எமில் கிரிஃபித் வெர்ஜின் தீவுகளிலிருந்து வந்து தொப்பித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஹோசே டோரஸ் போர்ட்டோ ரிக்கோக்காரர்.

ஜெர்சி ஜோன்ஸ் என்பவர் டைகரின் மேலாளரானார். நியூயார்க் வந்த பல வீரர்களைக் கெடுத்த குடி, சூதாட்டம், ஆடம்பரக் கார் எதுவும் டைகரிடம் அண்டவில்லை. மிகச் சிக்கனமானவர். சண்டை இல்லாத நாட்களில் ஊருக்குப் போய்விடுவார். கிடைத்த பணத்தை நைஜீரியாவில் கட்டடங்களிலும் வீடுகளிலும் போட்டார். அவருடைய கணக்கு நம் எல்லோருடைய கணக்கும்தான்: உடம்பில் தெம்பு உள்ளவரை வெளியூரில் உழைப்பது, பிறகு ஊரில் வாடகை வாங்கிக்கொண்டு நிம்மதியாக உட்காருவது.

1962 அக்டோபர் 23 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில், மிடில்வெயிட் சாம்பியன் ஜீன் ஃபுல்மரைப் பதினைந்து சுற்றுகள் அடித்து, புள்ளிக் கணக்கில் வென்று உலகப் பட்டத்தைப் பெற்றார். ஃபுல்மர் சாதாரண ஆளல்ல. மாபெரும் வீரர் சுகர் ரே ராபின்சனையே வென்றவர். டைகருக்கு அப்போது வயது 33. அந்த ஆண்டின் சிறந்த வீரராக 'தி ரிங்' பத்திரிகை அவரைத் தேர்ந்தெடுத்தது.

இபாடானில் நடந்த விழா

1963 பிப்ரவரியில் லாஸ் வேகாசில் நடந்த மறுபோட்டி சமநிலையில் முடிந்தது. மூன்றாவது போட்டியை எங்கே நடத்துவது? தன் மக்கள் கண் முன்னால் நடத்த வேண்டும் என்பது டைகரின் ஆசை. நைஜீரியா விடுதலை பெற்று மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையாத நேரம். புதிய நாட்டின் பெயர் உலகெங்கும் ஒலிக்கும் என்று அரசும் ஆதரவு தந்தது.

1963 ஆகஸ்ட் 10 அன்று, இபாடான் நகரின் லிபர்ட்டி ஸ்டேடியத்தில் அந்தச் சண்டை நடந்தது. கறுப்பின மக்களின் ஆப்பிரிக்க நாடொன்றில் நடந்த முதல் உலகப் பட்டச் சண்டை அதுவே. முகமது அலி கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வென்ற புகழ்பெற்ற சண்டைக்குப் பதினோரு ஆண்டுகள் முந்தியது. ஏழு சுற்றுகள் முடிந்ததும் ஃபுல்மரால் எட்டாவது சுற்றுக்கு எழுந்து வர முடியவில்லை. அதன்பின் அவர் மேடை ஏறவேயில்லை.

அன்று அரங்கில் இருந்தவர்களில் இக்போ, யொரூபா, ஹவுசா என்று எல்லா இனத்தவரும் இருந்தனர். இபாடான் யொரூபா மக்களின் நகரம். அங்கே ஓர் இக்போ வீரர் வென்றதை நைஜீரியாவின் வெற்றியாக எல்லோரும் சேர்ந்து கொண்டாடினார்கள். பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. விருது வழங்கியது. இந்தப் பதக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இழந்ததும் மீட்டதும்

அந்த மகிழ்ச்சி நான்கு மாதம்தான். 1963 டிசம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் ஜோயி ஜியார்டெல்லோவிடம் புள்ளிக் கணக்கில் பட்டத்தை இழந்தார். மறுபோட்டிக்குக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வயதில் இரண்டு ஆண்டு என்பது ஒரு வீரருக்கு ஆயுளில் பாதி. டைகர் பொறுத்திருந்தார். 1965 அக்டோபர் 21 அன்று கார்டன் அரங்கில் ஜியார்டெல்லோவை வென்று பட்டத்தை மீட்டார். 'தி ரிங்' இரண்டாம் முறையாக அவரை ஆண்டின் சிறந்த வீரர் என்றது.

1966 ஏப்ரலில் எமில் கிரிஃபித்திடம் மீண்டும் இழந்தார். வயது 36. இத்தோடு ஓய்வு பெறுவார் என்று பலரும் எழுதினார்கள். அவரோ அடுத்த எடைப் பிரிவுக்குத் தாவினார். மிடில்வெயிட்டுக்கு வரம்பு 160 பவுண்டு; லைட் ஹெவிவெயிட்டுக்கு 175 பவுண்டு. அந்தப் பிரிவின் சாம்பியன் ஹோசே டோரஸைவிட டைகர் உயரத்திலும் குறைவு, எடையிலும் குறைவு. 1966 டிசம்பர் 16 அன்று, 37 வயதில், டோரஸைப் புள்ளிக் கணக்கில் வென்று இரண்டாவது எடைப் பிரிவிலும் உலக சாம்பியனானார்.

1967 மே 16 அன்று நடந்த மறுபோட்டியிலும் டைகரே வென்றார். ஆனால் நடுவர்கள் ஒருமனதாக இல்லை. கோபம் கொண்ட டோரஸின் ரசிகர்கள் பாட்டில்களையும் நாற்காலிகளையும் மேடையை நோக்கி வீசினார்கள். டைகர் காயமின்றித் தப்பினார். அதைவிடப் பெரிய தீ அவருடைய ஊரில் மூண்டுகொண்டிருந்தது.

பயாஃப்ரா

1966 நைஜீரியாவுக்குப் பொல்லாத ஆண்டு. ஜனவரியில் ஒரு ராணுவப் புரட்சி, ஜூலையில் அதற்கு எதிர்ப் புரட்சி. இடையிலும் பின்னரும் நாட்டின் வடக்கில் குடியேறியிருந்த இக்போக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்தும் உத்தியோகம் பார்த்தும் வாழ்ந்தவர்கள், கிடைத்த ரயிலிலும் லாரியிலும் ஏறிக் கிழக்கே ஓடி வந்தார்கள். வந்த ஊரைச் சொந்த ஊராக நம்பி வாழ்ந்தவர்கள் ஒரே இரவில் அன்னியராக்கப்பட்ட கொடுமை அது.

1967 மே 30 அன்று, டோரஸோடு நடந்த மறுபோட்டி முடிந்து இரண்டே வாரத்தில், கிழக்குப் பகுதி 'பயாஃப்ரா' என்ற பெயரில் தனி நாடாகப் பிரிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஜூலை 6-ல் போர் தொடங்கியது. மத்திய அரசு பயாஃப்ராவைக் கடல்வழியாகவும் நிலவழியாகவும் முற்றுகையிட்டது. உணவு போகவில்லை, மருந்து போகவில்லை. வயிறு ஊதி, கை கால் குச்சியான குழந்தைகளின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்து எல்லோரையும் உலுக்கின. முப்பது மாதப் போரில் மாண்டவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. குண்டுபட்டு இறந்தவர்களைவிடப் பசியால் இறந்தவர்களே மிகுதி. பிரிட்டன் நைஜீரிய மத்திய அரசுக்கு ஆயுதம் கொடுத்தது.

டைகர் உலக சாம்பியன். நியூயார்க்கிலேயே இருந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் லாகோசில் இருந்த அவருடைய சொத்துக்கு ஆபத்து குறைவு. அவர் அப்படி இருக்கவில்லை. வெளிப்படையாகப் பயாஃப்ராவின் பக்கம் நின்றார். அதன் ராணுவத்தில் லெப்டினென்டாகச் சேர்ந்து, வீரர்களுக்கு உடற்பயிற்சி அளித்தார். முகாம்களுக்குப் போய் உற்சாகமூட்டினார். அமெரிக்காவில் பத்திரிகைக்காரர்கள் அவரிடம் இடது கைக் குத்தைப் பற்றிக் கேட்டால், அவர் பட்டினியால் சாகும் குழந்தைகளைப் பற்றிப் பேசினார். இபாடானில் அவரைத் தோளில் தூக்கிய நாடு இப்போது அவரை எதிரியாகப் பார்த்தது.

இதன் சரி தவறுகளை அரசியல் வல்லுநர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். பிரிவினை சரியா என்பது ஒரு கேள்வி. பசித்த குழந்தைக்குச் சோறு போக விட வேண்டுமா என்பது வேறு கேள்வி. டைகர் இரண்டுக்கும் ஆம் என்றார். முதல் பதிலில் அவரோடு மாறுபடுபவர்கள்கூட, தான் நம்பியதற்கு அவர் கொடுத்த விலையை மறுக்க முடியாது.

கடைசிச் சண்டைகள்

1967 நவம்பரில் லாஸ் வேகாசில் ரோஜர் ரவுஸ் என்பவரைப் பன்னிரண்டாவது சுற்றில் வீழ்த்திப் பட்டத்தைக் காத்தார். அடுத்து வந்தவர் பாப் ஃபாஸ்டர். ஆறடிக்கு மேல் உயரம்; நீண்ட கை; அந்த எடையில் அதுவரை கண்டிராத அடி. விவரமறிந்தவர்கள் அவரோடு மோதத் தயங்கினார்கள். டைகருக்கு ஒரு லட்சம் டாலர் உத்தரவாதம் தரப்பட்டது. போர் நடக்கும் ஊரில் அந்தப் பணத்துக்கு என்ன மதிப்பு என்பது அவருக்குத் தெரியும்.

1968 மே 24 அன்று கார்டன் அரங்கில் அவர்கள் மோதினார்கள். அதற்கு ஐந்தாறு நாள் முன்புதான் பயாஃப்ராவின் துறைமுகமான போர்ட் ஹார்கோர்ட் மத்திய அரசின் படையிடம் விழுந்திருந்தது. நான்காவது சுற்றில் ஃபாஸ்டரின் இடது கை அடியில் டைகர் மல்லாந்து விழுந்தார். நடுவர் பத்து எண்ணி முடித்தார். எண்பதுக்கும் மேற்பட்ட சண்டைகளில் அவர் விழுந்து, பத்து வரை எண்ணப்பட்டது அந்த ஒருமுறைதான். அவருக்கு வயது 38.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. அந்த அக்டோபரில் ஃபிராங்கி டி பாவ்லா என்ற முரட்டு இளைஞரோடு மோதினார். இரண்டாவது சுற்றில் டைகர் இருமுறை விழுந்தார். மூன்றாவது சுற்றில் எதிரி இருமுறை விழுந்தார். முடிவில் டைகர் வென்றார். 1968-ன் மிகச் சிறந்த சண்டை என்று அது பெயர் பெற்றது. 1969 மே மாதத்தில், அப்போது மிடில்வெயிட் உலக சாம்பியனாக இருந்த இத்தாலிக்காரர் நீனோ பென்வெனுட்டியைப் பட்டமில்லாச் சண்டையில் வென்றார். அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. வீட்டில் பேரப்பிள்ளையைக் கொஞ்ச வேண்டிய பருவத்தில் மேடையில் நின்றார் என்றால், அது புகழாசையால் அல்ல. ஊரில் எரிந்த அடுப்புகள் பல அவருடைய கைகளை நம்பியிருந்தன.

திருப்பி அனுப்பிய பதக்கம்

1969 டிசம்பர். போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. பயாஃப்ரா ஒரு சிறு துண்டாகச் சுருங்கிவிட்டது. இரவு நேரத்தில் உலி என்ற இடத்தில், சாலையையே ஓடுதளமாக்கி இறங்கிய நிவாரண விமானங்கள்தான் அங்கிருந்தவர்களின் உயிரைப் பிடித்து வைத்திருந்தன.

டைகர் தன் எம்.பி.இ. பதக்கத்தை எடுத்தார். ஒரு கடிதம் எழுதி, அதோடு சேர்த்து, வாஷிங்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதருக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். இதைப் பார்க்கும்போதெல்லாம் பிரிட்டிஷ் ஆயுதங்களால் செத்த, செத்துக்கொண்டிருக்கிற என் மக்களின் நினைவு வருகிறது என்பதே அந்தக் கடிதத்தின் சாரம். சில வாரங்களுக்கு முன்புதான் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனன் தன் எம்.பி.இ. பதக்கத்தைத் திருப்பித் தந்திருந்தார். அவர் சொன்ன காரணங்களிலும் பயாஃப்ரா ஒன்று. லெனன் செய்தது உலகமெங்கும் தலைப்புச் செய்தி. டைகர் செய்ததற்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. ஆனால் லெனனுக்குத் திரும்பிப் போக வீடு இருந்தது. டைகருக்கு அந்த நேரத்தில் அதுகூட உறுதியில்லை.

1970 ஜனவரி 15 அன்று பயாஃப்ரா சரணடைந்தது. போருக்குப் பின் வந்த பொருளாதார நடவடிக்கைகள் இக்போக்களை இன்னொரு முறை அடித்தன. வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் ஒரு கணக்குக்கு 20 பவுண்டு மட்டும் தரப்பட்டது. போர்ட் ஹார்கோர்ட்டில் இக்போக்கள் விட்டுவிட்டு ஓடிய வீடுகள் 'கைவிடப்பட்ட சொத்து' என்று பிறர் கைக்குப் போயின. டைகர் இருபது ஆண்டுகளாகக் குத்து வாங்கிச் சேர்த்த சொத்திலும் பெரும்பகுதி போயிற்று.

அருங்காட்சியகக் காவலர்

1970 ஜூலையில் தன் பழைய எதிரி எமில் கிரிஃபித்தோடு கடைசியாக ஆடித் தோற்றார். பின்னர் வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை தேடிக்கொண்டார். நியூயார்க்கில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் காவலாளி வேலை.

அருங்காட்சியகத்தைப் பார்க்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சீருடை அணிந்து ஓரமாக நின்ற அந்தக் கட்டுமஸ்தான மனிதரைத் தாண்டிப் போயிருப்பார்கள். மூன்று முறை உலகப் பட்டம் வென்றவர் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? டைகர் அந்த வேலையைக் கேவலமாக நினைக்கவில்லை. சந்தையில் தொடங்கி, தொழிற்சாலை வழியாக மேடைக்குப் போனவர் அவர். மேடையிலிருந்து இறங்கியதும் மறுபடி உழைப்புக்குத் திரும்பினார். அவ்வளவுதான்.

1971-ல் முதுகில் வலி வந்தது. பரிசோதித்த மருத்துவர்கள் கல்லீரலில் புற்றுநோய் என்றார்கள். முற்றிவிட்ட நோய். பயாஃப்ராவின் பக்கம் நின்றதால் நாடு திரும்ப அவருக்குத் தடை இருந்தது. நோயின் செய்தி தெரிந்ததும் அது நீங்கியது. டைகர் ஊர் திரும்பினார். 1971 டிசம்பர் 14 அன்று அபா நகரில் காலமானார். வயது 42. பிறந்த ஊரான அமாய்க்போவிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். 1991-ல் அமெரிக்காவின் கனாஸ்டோட்டாவில் உள்ள சர்வதேசக் குத்துச்சண்டை மாவீரர் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அறுபது வெற்றிகள், இரண்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் என்று அங்கே கணக்கு இருக்கிறது. போரில் அவர் இழந்ததற்கு அங்கே கணக்கு இல்லை.

நாம் எண்ணிப் பார்க்க

வெளியூரில் நன்றாக வாழ்பவரை ஊரில் இருப்பவர்கள் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். அவனுக்கென்ன, தப்பித்துப் போய்விட்டான் என்பது ஒன்று. பணம் மட்டும் அனுப்பினால் போதும் என்பது இன்னொன்று. வெளியூரில் இருப்பவர்களிலும் சிலர் பொங்கலுக்கு ஒரு விழா, ஊர்க் கோயிலுக்கு ஒரு நன்கொடை என்பதோடு கணக்கை முடித்துக்கொள்வதுண்டு. டிக் டைகர் இந்த எந்தக் கணக்கிலும் அடங்காதவர். தப்பித்துப் போயும் திரும்பி வந்தார். பணத்தோடு பெயரையும் கொடுத்தார். சாம்பியன் என்ற சொல்லை யாராவது தன் முன் வைத்தால், அதைத் தன் மக்களைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பாக மாற்றிக்கொண்டார்.

எல்லோரும் அவரைப் போல எல்லாவற்றையும் இழக்க வேண்டும் என்று சொல்வது நியாயமல்ல. அவரவர் குடும்பம், அவரவர் நிலைமை. ஆனால் இன்னொன்றையும் அவர் வாழ்க்கை சொல்கிறது. குடியேறிய ஊரிலும் அவர் கௌரவமாக உழைத்தார். அந்த ஊருக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. நியூயார்க்கின் மேடையிலும் அருங்காட்சியகத்திலும் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தார். வந்த ஊருக்கு உண்மையாக இருப்பதும் பிறந்த ஊரை நெஞ்சில் வைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு அவரைவிட நல்ல சான்று கிடைக்காது.

நம் பிள்ளைகள் இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பேச்சைப் பேசி வளர்கிறார்கள். ஊர் என்றால் கோடை விடுமுறையில் போய்வரும் இடம் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். விளையாட்டு வீரர்களின் கதை கேட்க ஆசைப்படும் வயதில், அவர்களுக்கு டிக் டைகரின் கதையையும் சொல்லுங்கள். ஃபுல்மரை வென்றதை முதலில் சொல்லுங்கள். அது அவர்களுக்குப் பிடிக்கும். பதக்கத்தைத் தபாலில் அனுப்பியதைப் பிறகு சொல்லுங்கள். ஏன் அனுப்பினார் என்று அவர்களே கேட்பார்கள்.